பிழைப் புகார்களைப் பிரிக்கும், மூடும் இயந்திரங்கள்

திறந்த மூல மென்பொருளில் யார் வேண்டுமானாலும் பிழையைப் புகார் செய்யலாம். திருத்தத்தான் ஆள் குறைவு. பயர்பாக்ஸ் உலாவிக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான புகார்களும் கோரிக்கைகளும் வருகின்றன. அவை பதிவாகும் இடம், இந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா 1998 முதல் பயன்படுத்திவரும் பக்ஸில்லா. 'வீடியோ ஓடும்போது திரை கறுத்துவிடுகிறது' என்று ஒருவர் எழுதினால், அதைக் கவனிக்க வேண்டியது வீடியோ குழுவா, கிராபிக்ஸ் குழுவா என்பது முதலில் முடிவாக வேண்டும். உரிய குழுவுக்குப் போய்ச் சேராத புகார் கிடப்பில்தான் கிடக்கும்.

இந்தப் பிரிக்கும் வேலைக்காக மொசில்லா உருவாக்கிய கருவி 'பக்பக்'. 2019-இல் பயன்பாட்டுக்கு வந்த இதன் குழு ஒதுக்கும் பகுதிக்கு, இரண்டு ஆண்டுகளில் பதிவான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களைக் கொண்டு பயிற்சி தரப்பட்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய புகாரை இன்றைய நிலையில் காட்டினால் கேள்வியோடு விடையையும் கொடுத்ததாகிவிடும். இடைப்பட்ட காலத்தில் பொறியாளர்கள் தலைப்பைத் திருத்தி, குறிச்சொற்களைச் சேர்த்திருப்பார்கள். புதுப் புகாரில் இவை இருக்காது. எனவே ஒவ்வொன்றின் மாற்ற வரலாற்றையும் பின்னோக்கிப் பிரித்து, பதிவான நேரத்து நிலைக்குக் கொண்டுபோன பிறகே கருவிக்குக் கொடுத்தார்கள்.

60 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால் மட்டுமே பக்பக் குழுவை ஒதுக்கும். மற்றவை மனிதர்களின் பார்வைக்கே போகும். அது ஒதுக்கியவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் சரியாக இருந்தன. தவறினாலும் நட்டம் சிறிது: குழு புகாரை வேறிடத்துக்கு மாற்றிவிடும்.

புகாரை மூடும் இயந்திரங்களின் கதை வேறு. பல கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டத்தில் 90 நாள் அசைவின்றிக் கிடக்கும் புகாருக்கு 'பழசு' என்று முத்திரை விழும். மேலும் 30 நாள் போனால் 'அழுகியது'. அதற்குப் பின்னும் 30 நாள் கழிந்தால் மூடப்படும். இந்த விதி அளப்பது பிழையை அல்ல, மௌனத்தை. அந்த மௌனம் பெரும்பாலும் திருத்த நேரமில்லாத பராமரிப்பாளர்களுடையது. பிழையை வரவழைக்கும் வழியைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தவருக்குக் கடைசியில் கிடைப்பது தானியங்கிச் செய்தி ஒன்றுதான். எண்ணிக்கை குறையும், பிழை அப்படியே இருக்கும்.

ஃபெடோரா லினக்ஸின் முறையில் நியாயம் கூடுதல். அதன் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதம் ஆதரவு பெறுகிறது. பதிப்பின் ஆயுள் முடியும்போது அதன் மீதான புகார்கள், முன்னறிவிப்புக்குப் பிறகு, தானாகவே மூடப்படுகின்றன. பிழை புதிய பதிப்பிலும் தொடர்ந்தால் பதிப்பு எண்ணை மாற்றினால் போதும், புகார் உயிரோடு இருக்கும்.

சோதித்துப் பார்த்து மூடுவதுதான் இவற்றில் சிறந்தது. கூகுள் 2016-இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ், தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்து மென்பொருளை முறிக்கப் பார்க்கிறது. முறிந்தால் புகாரைத் தானே பதிவுசெய்து, முறித்த உள்ளீட்டையும் சேமித்துவைக்கிறது. நிரல் திருத்தப்பட்ட பின் அதே உள்ளீட்டை மறுபடி ஓட்டி, முறியவில்லை என்றால் புகாரை மூடுகிறது. ஆனால் இது நினைவகக் கோளாறு, முறிவு போன்று இயந்திரமே கண்டறியக்கூடிய பிழைகளுக்குத்தான் பொருந்தும். பட்டியல் தவறான வரிசையில் வருகிறது, எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கிறது என்பன போன்ற புகார்களை இன்னும் ஒருவர் திறந்து பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.