உடம்புக்குள் ஊடுருவும் ஒளி... ஒரு உலோகம் பிடிக்க, இன்னொன்று வீசும்! அது எப்படி?

இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் விரல்கள் சிவப்பாகத் தெரியும். டார்ச்சில் இருந்து எல்லா நிறமும்தான் கிளம்புகிறது. ஆனால் நீலமும் பச்சையும் ரத்தத்தில் சிக்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்புக்கும் அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ‘அண்மை அகச்சிவப்பு’ ஒளி இன்னும் ஆழமாகப் போகும். திசுவுக்குள் நடப்பதைக் கீறாமலே பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள், இந்த ஒளியை வீசும் மூலக்கூறுகளைத் தேடுவது அதனால்தான்.

வீசுவதற்கு ஆள் ரெடி. லாந்தனைடு உலோகங்களில் யிட்டர்பியம் 980 நானோமீட்டரிலும், நியோடிமியம் 1,064-லும், எர்பியம் 1,530-ஐ ஒட்டியும் ஒளிரும். (ஆப்டிக்கல் ஃபைபரில் சோர்ந்துபோகும் இன்டர்நெட் சிக்னலை வழியிலேயே பெருக்கித் தருவதும் இதே எர்பியம்தான்.)

அப்புறம் என்ன சிக்கல்?

இவற்றுக்கு ஒளியை வாங்கத் தெரியாது! இவற்றின் 4எஃப் எலக்ட்ரான்கள் ஒளியை உறிஞ்சி மேலே தாவுவதற்கு குவாண்டம் விதிகள் கிட்டத்தட்ட தடை போடுகின்றன. நல்ல சாயப் பொருளோடு ஒப்பிட்டால், உறிஞ்சும் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு.

வழி கிடைத்தது 1942-ல். யூரோப்பியத்தைச் சுற்றியுள்ள கரிம மூலக்கூறு புறஊதா ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலை உலோகத்துக்குக் கைமாற்றுவதை அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் வைஸ்மேன் கண்டறிந்தார். வீட்டு டிவிக்கு ஆன்டெனா மாதிரி. ஆனால் புறஊதா ஒளி செல்களைக் கெடுக்கும், திசுவுக்குள்ளும் அதிகம் நுழையாது.

அதனால்தான் ஆன்டெனாவாக இன்னொரு உலோகத்தையே வைத்தார்கள். ருத்தேனியம், ரீனியம், இரிடியம் போன்றவற்றின் அணைவுச் சேர்மங்களில் பல, சாதாரண ஒளியையே நன்றாக வாங்கும். ருத்தேனியத்துக்கு 450 நானோமீட்டர் நீல ஒளி போதும். இரண்டு உலோகத்தையும் ஒரே மூலக்கூறில் பாலம் போட்டு இணைத்தால், ஒன்று பிடிக்கும், மற்றொன்று வீசும். வாங்குவதில் நியோடிமியம் கெட்டிக்காரர். அதற்கு ஆற்றல் படிகள் நிறைய. யிட்டர்பியத்துக்கு ஒரே ஒரு படிதான்.

உண்மையிலேயே கைமாறுதா?

சோதிக்கும் முறை அழகானது. தனியாக இருக்கும்போது ருத்தேனியம் ஆரஞ்சு சிவப்பில் ஒளிரும். பக்கத்தில் நியோடிமியம் வந்தால் அந்த ஒளி மங்கும், சீக்கிரமே அணையும். அதே இடத்தில் காடோலினியத்தை வைத்தால் ருத்தேனியம் வழக்கம்போல ஒளிரும். காடோலினியத்தின் முதல் படி புறஊதா அளவுக்கு உயரத்தில் இருப்பதால், அதற்கு இந்த ஆற்றல் எட்டாது. ஆக, நியோடிமியம் இருந்தபோது காணாமல்போன ஆற்றல் எங்கே போனது என்பதில் சந்தேகம் இல்லை.

திருடன் யார்?

கிடைத்த ஆற்றல் முழுதும் ஒளியாக வருவதில்லை. அருகில் உள்ள ஓ-ஹெச், சி-ஹெச் பிணைப்புகளின் அதிர்வு அதை வெப்பமாக உறிஞ்சிவிடுகிறது. அண்மை அகச்சிவப்பின் ஆற்றல் குறைவு என்பதால், இந்த அதிர்வுகளுக்கு அதை விழுங்குவது ரொம்ப சுலபம். கரைசலில் இத்தகைய சேர்மங்கள் பலவற்றின் ஒளிர்திறன் ஒரு சதவீதத்தைக்கூட தொடுவதில்லை. உடம்போ பெரும்பகுதி தண்ணீர்!

ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை வைத்தால் அதிர்வு மந்தமாகி, ஒளி கூடுதல் நேரம் நீடிக்கிறது. தண்ணீர் நெருங்காதபடி உலோகத்தை மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைப்பது இன்னொரு வழி. ஒளி மங்கலாக இருந்தாலும் ஒரு வசதி உண்டு: திசுவின் இயல்பான ஒளிர்வு சில நானோ விநாடிகளில் அணைந்துவிடும், லாந்தனைடின் ஒளியோ மைக்ரோ விநாடிக் கணக்கில் தங்கும். கேமராவைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால், அது மட்டும்தான் பதிவாகும்.