முழங்கால் ஜவ்வு ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பின்தான் கவனம்



மைதானத்தில் பந்து ஆடும் பிள்ளைகள், துறைமுகத்தில் லாரியிலிருந்து குதித்து இறங்குபவர்கள், எண்ணூர் சாலையில் பைக்கோடு சறுக்கியவர்கள் என்று நம் பகுதியில் முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் பலர். தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துவதுதான் ஆபரேஷன். அதன்பின் மூட்டுக்குள் சீழ் பிடிப்பது நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான். ஆனால் பிடித்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கிவிடும்.

கிருமி பெரும்பாலும் நம் தோலிலேயே இருப்பது. அதனால் ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துச் செல்லுங்கள். வீட்டில் பிளேடால் முடியை மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி நுழையும். சர்க்கரை இருந்தால் மறைக்க வேண்டாம். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள், புண் ஆறுவதை அவை தாமதப்படுத்தும்.

பலரும் தடுமாறுவது குளிப்பில்தான். உளூவில் முழங்கால் கிடையாது, அதனால் சிக்கல் இல்லை. ஜும்ஆ குளிப்பு சுன்னத்; அதற்காகக் கட்டை நனைக்க வேண்டாம். கடமையான குளிப்பு என்றால் கட்டின்மேல் மஸஹு செய்வதா, தயம்மும் செய்வதா, இரண்டுமா என்பதை உங்கள் மத்ஹபுப்படி இமாமிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. மருத்துவர் சொல்லும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள்.

நலம் விசாரிக்க வருபவர்கள் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கேட்பார்கள். காட்டாதீர்கள்! மஞ்சள் வேண்டாம், ஓதிய எண்ணெயும் வேண்டாம். துஆ செய்யட்டும், அது போதும்.

முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும், பிறகு குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினால், குளிர்காய்ச்சல் வந்தால், மூட்டு சூடாகி வீங்கினால், தையலில் நீர் கசிந்தால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. மூட்டில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதித்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். முன்கூட்டியே மாத்திரை விழுங்கினால் அது சோதனையில் சிக்காமல் போகலாம்.

நள்ளிரவு என்றால் 108-ஐ அழையுங்கள், ஸ்டான்லி அவசரப் பிரிவு இருக்கிறது. வண்டிச் செலவை நினைத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் போங்கள், காலையில் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.