தொப்பிக்காரர் ஒளித்து வைத்தது

'ப்ளீச்' இன்னும் பார்க்காதவங்க உஷார், ஸ்பாய்லர் இருக்கு.

உராஹரா கிசுகேவை முதல்ல பார்க்கும்போது காமெடி பீஸ்னுதான் நினைப்பீங்க. கரகுரா ஊரில் மிட்டாய்க்கடை, கோடு போட்ட தொப்பி, மரச்செருப்பு, கையில் விசிறி. ஆனால் அவர் ஊன்றும் கைத்தடிக்குள் இருப்பது பெனிஹிமே என்ற வாள். ஆள், 12ஆம் படைப்பிரிவின் முன்னாள் கேப்டன்!

அவர் உருவாக்கிய ஹோக்யோகுவை அவராலேயே அழிக்க முடியவில்லை. அதனால் ருகியாவின் ஆன்மாவுக்குள் ஒளித்து வைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த செயற்கை உடலும் அவள் சக்தியை உறிஞ்சி, சாதாரண மனுஷியாக்கிவிடும். அப்புறம் யாராலும் தேட முடியாதே! விளைவு, ருகியாவுக்கு மரண தண்டனை. அவளைக் காப்பாற்ற இச்சிகோவுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியவரும் இவர்தான். அவனிடமும் உண்மையைச் சொல்லலை. தெரிந்தால் பயந்து ஓடிடுவான்னு நினைத்தாராம். திரும்பி வந்த இச்சிகோ முழங்கையால் மூஞ்சியில் ஒன்று வைத்தான். நியாயமான அடி. ருகியாகிட்டயும் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்.

கவனிச்சீங்களா, கடைசியில் ஐஸனை வீழ்த்தியதும் இதே வித்தைதான். வேறொரு கிடோவுக்குள் மறைத்து, அவனுக்கே தெரியாமல் அவன் உடம்புக்குள் ஒரு முத்திரையைச் செலுத்திவிட்டார். அங்கே மட்டும் நாம விசில் அடிக்கிறோம்.