கண்ணாடிக் காசோலை

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சிறுவர்க்கு வெறும் சோடாப் போத்தல் ஒரு காலத்திற் பணமாகவே இருந்தது. ‘கண்ணாடிக் காசோலை’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. கடையிற் கொடுத்தாற் கைமேற் காசு. அந்நாட்டார் பெருவிருப்போடு அருந்தும் ‘அயன் புறூ’ என்னும் பானத்தைச் செய்யும் பார் கம்பனியார், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தம் போத்தல்களை இவ்வாறு மீளப்பெற்று, கழுவி, மறுபடியும் நிரப்பி வந்தனர். பத்துக்கு ஒன்பது திரும்பிய காலம் மாறி இரண்டுக்கு ஒன்றே வரலாயிற்று. 2015ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டனர். அப்பொழுது போத்தலொன்றுக்குக் கிடைத்தது 30 பென்ஸ்.

இத்தகைய மரபுடைய நாடு, ஒருமுறை பாவிக்கும் குடிபானக் கலங்களுக்கு 20 பென்ஸ் வைப்புப்பணம் விதிக்கும் ஒழுங்குவிதிகளை 2020இல் தன் பாராளுமன்றத்தில் நிறைவேற்றியதில் வியப்பில்லை. பிளாஸ்டிக், உருக்கு, அலுமினியம் ஆகியவற்றோடு கண்ணாடியும் அதில் அடங்கியது. வழக்கெல்லாம் அந்தக் கண்ணாடியைப் பற்றியே எழுந்தது. உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டுமாயின் கண்ணாடியை நீக்குக என 2023 மே மாதத்தில் இலண்டன் அரசு நிபந்தனை விதித்தது. அடுத்த மாதமே ஸ்கொட்லாந்து அரசு திட்டத்தைப் பிற்போட்டது.

கண்ணாடி வேண்டாமென்றோர் கூற்று முற்றும் பொய்யன்று. அது பாரமானது, உடைவது. சிறு கடைக்காரர் அதனை எங்கே அடுக்குவார்? வீட்டு வாசலில் ஏற்கெனவே சேகரிக்கப்படுகின்றதே என்றும் கேட்டனர். ஆனால் வாசலிற் சேர்வதில் பச்சையும் கபிலமும் சில்லுகளாய்க் கலந்துவிடுகின்றன. அக்கலவையிலிருந்து நிறமற்ற போத்தல் பிறவாது. ஒரு பகுதி வீதிக்கிடும் சல்லியாய் முடிகின்றது. காசுக்காகத் திரும்பி வரும் கண்ணாடியோ துப்புரவானது.

எனினும் எம் மனக்குறை வேறு. ஸ்கொட்லாந்துத் திட்டமும் திரும்பிய போத்தலை நொறுக்கி உருக்கவே எண்ணியது. கண்ணாடி உலையின் வெப்பம் ஏறத்தாழ 1,500 பாகை. முழுப் போத்தலை உடைத்து மீண்டும் போத்தலாக்குதற்கு இத்துணை நெருப்பு வேண்டுமா? ஜேர்மனியர் இவ்வகையிற் கெட்டிக்காரர். அங்கே கழுவி நிரப்பும் பியர்ப் போத்தலுக்கு 8 யூரோச் சதம்; ஒருமுறையே பாவிக்கும் கலத்துக்கு 25 சதம், அது கண்ணாடியாயினும் சரியே. நிரப்பும் கண்ணாடிப் போத்தல் 50 முறை வரையிற் சுற்றிவரக்கூடியது.

பிரித்தானியாவில் வேல்ஸ் மட்டும் கண்ணாடியைக் கைவிட மனமின்றி, 2024 நவம்பரிற் கூட்டுத் திட்டத்திலிருந்து விலகியது. ஏனைய மூன்று நாடுகளும் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு 2027 ஒக்டோபருக்கு நாட் குறித்தன. அவற்றுள் ஸ்கொட்லாந்தும் ஒன்று.