கடற்படையின் பதவிச் சின்னங்கள்

பண்டைத் தமிழ் வேந்தர் தம் படைத்தலைவருள் சிறந்தார்க்கு ‘ஏனாதி’ என்னும் பட்டம் அளித்து, அதன் அடையாளமாக மோதிரமும் அணிவித்தனர். அதனைக் கண்ட அளவிலேயே அவர்தம் தகுதி பிறர்க்கு விளங்கிற்று. இக்காலக் கடற்படை அதிகாரிகளுக்கோ அவ்வடையாளம் தோளிலும் சட்டைக்கையிலும் பொன்னிறப் பட்டையாய் விளங்குகின்றது.

மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ மாலுமியாகச் சேரும் இளைஞன், தொடக்கப் பயிற்சிக்கு ஒடிசாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவுக்குச் செல்கின்றான். நிலத்தில் அமைந்த நிலையங்களுக்கும் கப்பலைப் போலவே பெயரிடுதல் கடற்படை மரபு. சென்னையிலுள்ள தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். அடையாறு என்பதாம். புறப்படுமுன்னரே அவன் பதவிச் சின்னங்களை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம். எதிரே வருபவர் அதிகாரியாயின் அவருக்கு வணக்கம் செலுத்துதல் அவன் கடமை. யார் எனக் கேட்டறிய அங்கே பொழுதில்லை. பொறிகளின் இரைச்சலில் குரல் கேளாதவிடத்தும், ஆணையிட உரியவர் யாரென்பதைச் சின்னமே காட்டும்.

பட்டியலை வெறுமனே உருப்போடுவோர் விரைவில் மறப்பர். பட்டைகளின் கணக்கை உணர்ந்தவர் மறவார். சப் லெப்டினன்டுக்கு ஒரு பட்டை, லெப்டினன்டுக்கு இரண்டு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. லெப்டினன்டுக்கு மேலும் கமாண்டருக்குக் கீழும் நிற்கும் லெப்டினன்ட் கமாண்டருக்கோ, இரு பட்டைகளின் நடுவே மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அதனை இரண்டரை என்று கொள்க.

பலரும் இடறும் இடம் ‘கேப்டன்’ என்னும் சொல்லே. தரைப்படையிலும் கேப்டன் உண்டு. அவர் தோளில் மூன்று விண்மீன்கள் இருக்கும். ஆயினும் அவருக்கு நிகரானவர் கடற்படை லெப்டினன்டே ஆவார். கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்கு ஒப்பானவர். பெயர் ஒன்றாயினும் இடையே உள்ள தொலைவு பெரிது. குடியரசு நாளன்று மெரினாக் கடற்கரைச் சாலையில் முப்படையினரும் அணிவகுத்து வருங்கால், மாணவர் இச்சின்னங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாலுமியருள் லீடிங் சீமன் நிலையினர்க்கு நங்கூரம் ஒன்று. பெட்டி ஆபீசருக்குக் குறுக்கிட்ட நங்கூரங்கள் இரண்டு.

பயில்வதற்கு எடுத்த படம் எந்த ஆண்டினது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2023 டிசம்பரில் அட்மிரல் நிலையினரின் தோளணிகள் புதுவடிவம் பெற்றன. சத்ரபதி சிவாஜியின் அரச முத்திரையை நினைவூட்டும் எண்கோணமும், வாளும், தொலைநோக்கியும் அவற்றில் இடம்பெற்றன. விண்மீன்களின் கணக்கு மட்டும் மாறவில்லை: ரியர் அட்மிரலுக்கு இரண்டு, வைஸ் அட்மிரலுக்கு மூன்று, அட்மிரலுக்கு நான்கு.