மெய்ப்பொருட் கல்வியின் பயன்

தமிழிலக்கியம் பயில்வார் மெய்ப்பொருள் நூல்களையும் பயிலுதல் வேண்டுமோ என்னும் வினா மாணாக்கரிடையே அவ்வப்போது எழுகின்றது. மணிமேகலையைக் கற்போர் ஆதிரை வரலாற்றோடும் அமுதசுரபியோடும் அமைந்து, அளவை பேசும் 29-ஆம் காதையைக் கடந்து சென்றுவிடுகின்றனர். சிவஞான சித்தியாரைக் கற்போர் பரபக்கத்தைத் தொடாது விடுகின்றனர். இவ்வினாவிற்கு அவர்கள் தாமே கண்டுகொண்ட விடை இதுவாகும். மெய்ப்பொருட் கல்வியின் பயன் வீடுபேறே என்பர் ஒருசாரார். அது வெறுஞ் சொற்போர் என்பர் மற்றொரு சாரார். ஆராய்ச்சியாளன் நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க பயன் ஒன்று இவ்விரண்டிற்கும் இடையே உண்டு. அறிந்ததனைத் தெளிதலே அப்பயன். அதனைத் திருப்பெருந்துறை வாயிலாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள ஆவுடையார்கோயிலே பண்டைத் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சராகிய வாதவூரர், குதிரை வாங்கும்பொருட்டுப் பெரும்பொருளுடன் வந்தவர், அங்குக் குருந்தமர நிழலில் எழுந்தருளியிருந்த ஆசிரியரால் ஆட்கொள்ளப்பெற்றார் என்பது சைவ மரபு. கடவுண்மாமுனிவர் இயற்றிய திருவாதவூரர் புராணம் இந்நிகழ்ச்சியை ஓர் உரையாடலாக அமைக்கின்றது. ஆசிரியர் கையிலுள்ள சுவடி யாது என அமைச்சர் வினவுகின்றார். சிவஞானபோதம் என விடை வருகின்றது. அவர் அவ்வளவில் அமையவில்லை. சிவம் யாது, ஞானம் யாது, போதம் யாது எனத் தனித்தனியே வினவுகின்றார். பொருள் ஒன்று, அதனை அறிதல் ஞானம், அறிந்ததனைத் தெளிதல் போதம் என்னும் கருத்துப்பட ஆசிரியர் விடையிறுக்கின்றார்.

ஈண்டு நோக்கத்தக்கன இரண்டு. அருளுக்கு ஆளாகும் வேளையிலும் மாணாக்கர் சொல்லின் பொருளை வரையறுக்க வேண்டுகின்றார் என்பது ஒன்று. ஆசிரியரும் அவ்வினாவைக் கடியாது, அறிதலையும் தெளிதலையும் வேறு பிரித்துக் காட்டுகின்றார் என்பது மற்றொன்று. கற்றதும் கேட்டதும் அறிவாம். அவ்வறிவு ஐயமும் திரிபும் நீங்கி நிற்பது தெளிவாம். நூல் பல கற்றும் இரண்டாம் படியை எய்தாதார் உளர். அப்படிக்கு ஏற்றுவதே மெய்ப்பொருட் கல்வியின் தொழில்.

தெளிதற்குரிய கருவி அளவை. சைவ சித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்வர். மணிமேகலையில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த நெறி காட்சி, கருத்து என்னும் இரண்டையே கொள்ளும். எண்ணில் மாறுபடினும், அளவையின்றிப் பொருளைத் துணிதலாகாது என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபடுகின்றனர்.

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகத் தரும் 29-ஆம் காதை, போலி ஏதுக்களை விரிக்குமிடத்து ஒரு குற்றத்தைச் சுட்டுகின்றது. ஆவியோ பனியோ புகையோ என ஐயம் தீராத ஒன்றைப் புகையென்றே வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிதலே அக்குற்றம். திருப்பெருந்துறையில் சோற்றைப் பரப்பி, அதனின்றெழும் ஆவியையே ஆத்மநாதருக்குப் படையலாக்குதல் வழக்கம். அவ்வாவியைத் தொலைவிலிருந்து காண்பான் ஒருவன் புகையென மயங்கி, ‘ஆண்டு நெருப்பு உண்டு’ எனத் துணிந்தான் என்க. கோயில் மடைப்பள்ளியில் நெருப்பு இருத்தலும் கூடும். அவன் முடிபு உண்மையாயினும், அவன் சென்ற வழி வழியன்று. முடிபு வாய்த்தமையால் வழி செம்மையுடையது ஆகாது என்னும் இந்நுட்பத்தை உணர்ந்தவனே ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவன்.

இந்நுட்பம் இலக்கிய வரலாற்றிற்கு எங்ஙனம் உதவும் என்பதற்கு மாணிக்கவாசகர் வரலாறே சான்று. மேற்கூறிய புராணம் ஆசிரியர் கையில் சிவஞானபோதத்தை வைக்கின்றது. தமிழில் அந்நூலை அருளிய மெய்கண்டாரோ 13-ஆம் நூற்றாண்டினர். மாணிக்கவாசகர் அவருக்கு முற்பட்டவர். புராணத்தைப் பொய்யென எறிதலும் வேண்டா. காலவாராய்ச்சிக்கு அதனைச் சான்றாக்குதலும் வேண்டா. மெய்கண்டாருக்குப் பின்வந்த சைவர் திருப்பெருந்துறை நிகழ்ச்சியை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அப்புராணம் உறுதியான சான்று. ஓர் உரை எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகாது எனப் பகுத்தறிதலே தெளிதல்.

மாணிக்கவாசகரின் காலம் பற்றிய வழக்கும் இத்தகையதே. மறைமலையடிகள் அவரை 3-ஆம் நூற்றாண்டினர் என்றார். திருக்கோவையார் வரகுணனைக் குறித்தலால் 9-ஆம் நூற்றாண்டினர் என்பர் பிறர். வரகுணன் என்னும் பெயருடைய பாண்டியர் இருவர் உளர். எவனைக் குறித்தது என்பது தனியே நிறுவப்படல் வேண்டும். திருத்தொண்டத்தொகை வாதவூரர் பெயரைக் கூறாமையால் அவர் சுந்தரருக்குப் பிற்பட்டவர் என்பர் சிலர். அத்தொகையிலுள்ள ‘பொய்யடிமையில்லாத புலவர்’ அவரையே குறிக்கும் என்பாரும் உளர். கூறாமை இன்மைக்கு ஏதுவாகுமோ, பொதுப்பெயர் ஒருவர்க்கே உரியதெனக் காட்டும் ஏது யாது என்னும் வினாக்கள் அளவை நூலுக்கு உரியவை. அளவையறியாதார் இவ்வழக்கில் ஆவியைப் புகையென்றே கொள்வர்.

மெய்ப்பொருட் கல்வியின் இரண்டாம் பயன், பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே எடுத்துரைக்கும் நேர்மை. வஞ்சியில் மணிமேகலை சமயவாதியர் பலரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே அறவண அடிகளின் அறவுரையைக் கேட்கின்றாள். அருணந்தி சிவாசாரியரும் பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை முதற்கண் அவர்தம் கூற்றாகவே உரைத்துப் பின்னரே மறுக்கின்றார். மாற்றான் வலியைக் குறைத்துக் காட்டிப் பெறும் வெற்றி வெற்றியன்று என்பது இவ்வமைப்பின் உட்கிடை. இதனால் விளைந்த நன்மையும் பெரிது. குண்டலகேசி முழுமையும் கிடைத்திலது. அதன் வாதத்தை நாம் அறிய உதவுவது, அதனை மறுக்க எழுந்த நீலகேசியேயாகும். மறுப்பாரும் பாதுகாவலர் ஆயினர்.

மெய்ப்பொருளாராய்ச்சி பாட்டின் உருக்கத்தைக் கெடுக்கும், திருவாசகத்திற்குத் தருக்கம் வேண்டா என்பாரும் உளர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தருக்கம் எவரையும் உருக்குவதன்று. ஆயினும் திருப்பெருந்துறைக் கருவறையை நோக்குக. ஆங்கு ஆவுடை மட்டுமே உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. கோயிலில் நந்தியும் கொடிமரமும் இல்லை. கண் காண்பது வெறுமையே. உருவம், அருவம், அருவுருவம் என்னும் பாகுபாட்டை அறிந்தவனுக்கு அவ்வெறுமை ஒரு கூற்றாகின்றது. சிவபுராணத்தில் புல் முதலாகப் பிறவிகளை எண்ணிச் செல்லும் பகுதியும், வினையும் பிறப்பும் பற்றிய கொள்கையை உணர்ந்தானுக்கு அடுக்குச்சொல்லாக நில்லாது, ஓருயிரின் நெடும்பயணமாகத் தோன்றும். கல்வி உருக்கத்தைத் தாராது. உருகுவது எதன்பொருட்டு என்பதனைக் காட்டும்.

ஆதலின் மெய்ப்பொருள் நூல்களைத் தனித்துறையார்க்கே உரியவை எனத் தமிழ் மாணாக்கர் ஒதுக்குதல் தகாது. அங்ஙனம் ஒதுக்கின், மணிமேகலையும் நீலகேசியும் சாத்திரம் பதினான்கும் பெயரளவில் எஞ்சும்; நம் ஆராய்ச்சியும் துணிபு மிகுந்து தெளிவு குறைந்ததாகும். குருந்தின் நிழலில் வாதவூரர் மூன்று சொற்களுக்கும் தனித்தனியே பொருள் கேட்டார். நாமும் கற்கும் சொல் ஒவ்வொன்றற்கும் அங்ஙனம் கேட்கப் பழகுதலே இக்கல்வியின் தொடக்கமாகும்.