யார் காத்திருப்பது?

டெல்லி மெட்ரோவின் ஹவுஸ் காஸ் நிலையத்துக்கு மஞ்சள் தட ரயில் 2010இல் வந்தது. அதற்கும் கீழே, தரைமட்டத்திலிருந்து சுமார் 29 மீட்டர் ஆழத்தில், மெஜந்தா தடத்தின் நடைமேடை 2018இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிலையத்தை ஒரே ஆள் வரைந்துவிட முடியாது. தூண்களும் சுவர்களும் ஒரு குழுவிடம், மின்சாரம் இன்னொரு குழுவிடம், ஏசி குழாய்கள் வேறொரு குழுவிடம் இருக்கும். ஆளுக்கொரு கோப்பு.

ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் அடுத்தவர் கோப்பை நம் வரைபடத்துக்கு அடியில் விரித்து வைத்துக்கொண்டு வரையலாம். இதை எக்ஸ்ரெஃப் என்பார்கள். பத்துப் பதினைந்து கோப்புகளை இப்படி விரித்தால் கணினி திணறும். 1997இல் வந்த ஆட்டோகேட் 14 இதற்கு ஒரு வழி சொன்னது: கண்ணுக்குத் தெரியப்போவதை மட்டும் ஏற்று, மற்றதைத் தொடாதே. டிமாண்ட் லோடிங் எனப்படுவது இதுதான். இந்த யோசனை புதிதல்ல. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியே, தேவையான தரவுப் பக்கங்களைத் தேவைப்பட்ட நேரத்தில்தான் நினைவகத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே வேண்டியதை மட்டும் எடுக்க முடியும்? புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போல கோப்புக்குள்ளும் ஓர் அடைவு வேண்டும். லேயர்வாரியாக (தூண், குழாய் என வகைவாரியாகப் பிரித்த அடுக்குகள்தான் லேயர்கள்) ஒன்று, இடவாரியாக ஒன்று. அதைத் தயாரிப்பவர், பார்க்கிறவரல்ல, வரைந்து சேமிக்கிறவர். அவருக்குச் சேமிக்கும் நேரம் கூடும், கோப்பும் சற்றுப் பெருக்கும். அதனால்தானோ என்னவோ, நாமாக மாற்றாதவரை ஆட்டோகேட் இந்த அடைவை எழுதுவதே இல்லை. ஏற்றும் வசதியை மட்டும் போட்டுவிட்டு அடைவை மறந்தவர்கள், பெரிய வேகம் எதையும் காணாமல் புலம்புவதுண்டு. லேயர் எதையும் உறைய வைத்து மறைக்காமல், வரைபடத்தை வெட்டிக் காட்டாமல் இருந்தாலும் இதே கதைதான். முழுவதும் திரையில் தெரிந்தால் முழுவதையும்தான் ஏற்றியாக வேண்டும்.

அடைவெல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உறைந்திருக்கும் ஏசி லேயரைக் காட்ட, அதன் பனித்துகள் சின்னத்தைச் சொடுக்கிச் சூரியனாக்குகிறீர்கள். திறக்கும்போது மிச்சம்பிடித்த நொடிகள் இப்போது கேட்கப்படுகின்றன: கோப்பிலிருந்து அந்த லேயர் இனிமேல்தான் வரவேண்டும். கோப்பு வேறு மாடி சர்வரில் இருந்து, நெட்வொர்க்கும் மந்தமாக இருந்தால் கை அந்தரத்தில் நிற்கும். திறக்கையில் ஒரேயடியாக ஒரு டீ குடித்துவிட்டு வருவதையே நான் விரும்புவேன். வரைந்துகொண்டிருக்கும்போது நாலு நொடி தடை பட்டால் யோசனையே அறுந்துபோகிறது.

இதைவிடச் சங்கடமானது பூட்டு. வேண்டியபோது படிக்க வேண்டுமென்றால் கோப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நாம் திறந்து வைத்திருக்கும்வரை அதன் சொந்தக்காரர் அதில் திருத்திச் சேமிக்க முடியாது. தூண் வரைகிறவர் மின்சாரக் குழுவின் மேசைக்கு வந்து, 'கோப்பை விடுங்க சார்' என்று நிற்க வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கத்தான் இன்னொரு அமைப்பு: சர்வர் கோப்பின் நகலைத் தற்காலிகமாக எடுத்து, அதிலிருந்து வேண்டியதைப் படிப்பது. பூட்டு போயிற்று. ஆனால் கொஞ்சமாக ஏற்றுவதற்காக முதலில் கோப்பு முழுவதையும் நகலெடுக்கிறோம்! சிரிப்பு வந்தாலும், வழக்கமாக இருக்கும் அமைப்பு இதுதான், பல பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்குச் சரியானதும் இதுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. தூணை அவர் நகர்த்திச் சேமித்த பிறகும் நம் நகலில் அது பழைய இடத்திலேயே நிற்கும். கோப்பு மாறிவிட்டது என்று திரையின் கீழ் மூலையில் குமிழ்ச் செய்தி வரும். ரீலோடு கொடுத்தால்தான் தூண் நகரும்.